வெடிப்பு மறையாமல் படத்தைச் சிறிதாக்குவது எப்படி

பேர்கன் நகரத்தில் மழை பெய்தால் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. நோர்வேக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இலங்கை மலையகத்தில், எங்கள் லிந்துலையில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இங்கேயும் நாள்கணக்கில் மழைதான், வீட்டுக்குப் பின்னால் மலைதான். ஆனால் சனங்கள் கோப்பியை ஊற்றிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், மழை இரண்டாம் நாளைத் தொட்டாலே அம்மா டோர்ச்சை எடுத்து, மலை சரியுமோ என்று அடுப்புக்கு மேலே இருந்த வெடிப்பைப் பார்ப்பார். அம்மா போன பிறகு அதே ஒற்றையறைக் காம்பராவில் என் அக்கா பரமேஸ்வரி இரண்டு பெண் பிள்ளைகளோடு குடியிருந்தாள்.

இணையக் கடைகளில் ஏற்றப்படும் படங்களைச் சிறிதாக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தப் பெருமையில், ஊர்த் தொண்டர் குழு கேட்டதும் ஒரு தளம் செய்து கொடுத்தேன். வெடித்த சுவரைப் படம் பிடித்து ஏற்றினால் கண்டியில் ஒரு எஞ்சினியர் பார்த்து, இருக்கலாமா, கிளம்ப வேண்டுமா என்று சொல்வார். என் மேசையில் ஐந்து படம் போட்டுப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. போன வருட மழையில் நாலைந்து தோட்டங்கள் ஒரே மத்தியானம் படம் ஏற்றின. ஒவ்வொன்றையும் வந்த கணமே முழுதாக விரித்துச் சிறிதாக்கும்படி எழுதியிருந்தேன். நினைவகம் நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. அக்காவின் படம் ஏறவேயில்லை.

"எஞ்சினியர் சொல்லட்டும், போறேன். போன தடவ சும்மா பயந்து ஓடி, திரும்பி வந்தா பாத்திரம் பண்டம் ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா போனில்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை ஈவார் நல்ல மனுசன். பெரிய சர்வராக எடு என்றான். எடுத்தேன், அதுவும் படுத்தது. "வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்ல வேண்டியதுதானே?" என்றான். வீடு தோட்டத்துடையது, தலைமுறையாக உழைத்தும் எங்களுக்கு ஓரடி நிலம்கூட இல்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்தான். "நம்பரைச் சொல், நானே பேசுகிறேன்." அவன் நாட்டில் அது நடக்கும்.

வழி சொன்னது தொண்டர் குழுவில் இருந்த ரிஸ்னா. லிந்துலை டவுனில் வாப்பாவின் போன் கடையைப் பார்த்துக்கொண்டே தானாகப் புரோகிராம் எழுதக் கற்றவள்.

"அண்ணே, பொம்பளைங்க கொழுந்து நிறுக்க வர்றதுக்கு முந்தியே முத்தல பொறுக்கி வீசிட்டுத்தானே வர்றாங்க? நீங்க ஏன் எல்லாத்தையும் அங்க ஏத்திப் பொறுக்குறீங்க? போன்லயே சின்னதாக்குங்க."

வெட்கமாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் மாற்றினேன். படம் போனிலேயே சுருங்கி வரும். சர்வர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எஞ்சினியர் பார்க்கும் பட்டியலுக்கான குட்டிப் படங்களை வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்யும். ரிஸ்னா சோதித்துவிட்டு மறுபடி போன் எடுத்தாள். "ரொம்பச் சுருக்கிட்டீங்கண்ணே. செவுரு புதுசா பூசின மாதிரி இருக்கு."

வெடிப்பையே காணோம்! எனக்கு ஒருநாளும் தோன்றியிராது. விற்கிற சோபாவில் ஒரு கோடு மறைந்தால் யாரும் சாவதில்லை. பிறகு அவளே முறை வைத்தாள். முழுச்சுவர் ஒரு படம், அது சின்னதாக இருக்கலாம். வெடிப்புக்குப் பக்கத்தில் அளவு தெரிய நெருப்புப்பெட்டி வைத்துக் கிட்டப்போய் இன்னொரு படம், அதை அதிகம் சுருக்கக் கூடாது. பழைய சின்ன சர்வரே போதுமாயிற்று. என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு!

அக்காவின் படங்கள் வந்தன. நெருப்புப்பெட்டி வெடிப்புக்குப் பக்கத்தில் இல்லை, உள்ளேயே செருகி நின்றது. எஞ்சினியர் உடனே கிளம்பச் சொன்னார். அக்காவும் அந்த லயத்துச் சனங்கள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார்கள். மூன்றாம் நாள் பின்மலை சரிந்து லயத்தை மூடியது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று கேட்டதும் நான் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

போன வாரம் அக்கா பேசினாள். "தம்பி, அந்த முழுச் செவுரு படத்துல அம்மாவோட சாமி படமெல்லாம் தெரியும்ல? பெருசா போட்டு அனுப்பேன். வீட்டுப் படம் வேற இல்ல." படம் எடுத்துத் தந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, போனில் இடமில்லை என்று அழித்துவிட்டாளாம்.

திறந்து பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்கச் சாமியும் சுவரும் சதுரம் சதுரமாகப் பிரிந்தன. நான் எழுதிய கட்டளைதான் சுருக்கியது. சுருக்கியதை அதனால் திருப்பித் தர முடியாது. நாங்கள் பிறந்த வீடு இப்போது லிந்துலையில் இல்லை. பேர்கனில், ஒரு சர்வருக்குள், உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது.