சம்பந்தி திருப்பித் தந்த முயல்

என் பட்டறைக்கும் அவருடைய முயல் கொட்டகைக்கும் நடுவே ஒரே சுவர். நான் இருசக்கர வண்டி பழுது பார்ப்பவன். சத்தம்தான் என் பிழைப்பு. முயலுக்கோ சத்தம் ஆகாது. இப்படி இரண்டு பேரை அடுத்தடுத்துக் குடிவைத்த வீட்டுக்காரரின் மூளையை என்னவென்று சொல்வது! முயல் குட்டி போடும் நாளில் அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "தம்பி, இன்னைக்கு ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க" என்று கெஞ்சுவார். குட்டி போட்ட பூனை மாதிரி என்பார்களே, அங்கே முயல் நிம்மதியாகப் படுத்திருக்கும், அலைவது இவர்தான்.

தெருவில் எல்லாருக்கும் அவர் முயல்காரர். அதற்கு முன் லிஃப்ட்காரர். பெரிய அலுவலகம் ஒன்றில் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, யார் எந்த மாடி சொன்னாலும் அழுத்திக் கொடுத்தவர். தானாக ஓடும் லிஃப்ட் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எனக்கு ஏன்னு கேக்கத் தெரியல தம்பி" என்றார் ஒருநாள். அவருக்கு எதிலுமே ஏன் என்று கேட்கத் தெரியாது. அவரிடம் எனக்கு எரிச்சலூட்டுவது அது ஒன்றுதான்.

கொட்டகைக்குள் மட்டும் அவர் வேறு ஆள். கம்பிவலைக் கூண்டுகளை அவரே கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். புல்லை ஈரம் போக உலர்த்தித்தான் போடுவார். ஈரப்புல் தின்றால் முயலுக்கு வயிறு ஊதிக்கொள்ளும். எந்த முயலைக் கையில் எடுத்தாலும் முதலில் முன்னங்கால்களின் உள்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். சளி பிடித்த முயல் மூக்கை அங்கேதான் துடைக்கும், ரோமம் பிசுபிசுத்துத் திரிதிரியாக ஒட்டியிருக்கும். சளி ஒன்றுக்கு வந்தால் கொட்டகை மொத்தமும் போகும். அதனால் வெளியிலிருந்து வரும் முயலை, அது எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், ஒரு மாதம் வீட்டுப் பின்கட்டில் தனியாக வைத்துத்தான் உள்ளே விடுவார். என் மனைவி கோழி வாங்கி வந்தபோதுகூட அதை எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் தள்ளியே வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய கொட்டகையின் மகாராஜா ஒரு வெள்ளை ஆண் முயல். பெயர் துரை. துரையின் வாரிசுகள் நல்ல எடை வரும் என்று முயல் வளர்ப்பவர்களிடையே பேர். கேட்டவர்களுக்கெல்லாம் இரவல் கொடுத்து வாங்குவது அவர்களுக்குள் சகஜம். திருப்பித் தரும்போது ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கியவர் சொந்தக்காரர் கண்முன்னே துரையை ஒரு பெண் முயலோடு சேரவிட்டுக் காட்ட வேண்டும். 'உன் முயலை நான் சக்கையாக்கி அனுப்பவில்லை, பார்த்துக்கொள்' என்று அர்த்தம். ஒரு மாதக் காவல் முடிந்த பிறகுதான் அந்தச் சடங்கெல்லாம். மற்றவர்கள் அதற்காக இன்னொரு நடை வருவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை.

முயல்காரரின் மகளுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் முயல் வளர்க்கும் வீடு ஒன்றிலேயே அமைந்தது. பையன் தங்கமானவன், ஆனால் அப்பா இருக்கும் இடத்தில் அவனுக்கு வாயில்லை. சம்பந்திக்கோ வாய் தேவையில்லை, மூஞ்சியே போதும். அவருக்கு மனத்தாங்கல் வந்தால் யாரையும் திட்ட மாட்டார். மருமகள் வைத்த தட்டைத் தொடாமல் எழுந்துபோவார். அவர் பேசாவிட்டால் வீட்டில் ஒருவரும் அவளோடு பேச மாட்டார்கள். முதல் வருடம், கல்யாணப் பந்தலில் தனக்கு நாற்காலி போடவில்லை என்ற பழைய குறை ஒன்றுக்காக அவள் ஒரு மாதம் அடுப்படிச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து முயல்காரர் சம்பந்தி பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார்.

அந்த மனிதர் துரையை இரவல் கேட்டார். இவர் கொடுத்தார். திருப்பித் தர அவரே நேரில் வந்தார். நான் சுவர்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடையிலிருந்து துரையை எடுத்ததும் முயல்காரரின் விரல் வழக்கம்போல முன்னங்காலுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"வழியில தண்ணி காட்டினேன், கொட்டிக்கிச்சு" என்றார் சம்பந்தி.

"அப்படியா சம்பந்தி. கொஞ்ச நாள் பின்கட்டுல..."

"பின்கட்டுலயா? ஏன், எங்க வீட்டுல இருந்து வந்ததுக்குத் தீட்டா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மூஞ்சி மாறத் தொடங்கியிருந்தது.

"சே சே, அதெல்லாம் இல்ல."

"அப்போ விடுங்க. உங்க கண்ணு முன்னாடியே சேத்துக் காட்டிடறேன். அதோ, அந்தப் பெருசைக் கொண்டாங்க."

அவர் காட்டியது கொட்டகையிலேயே நல்ல தாய் முயல். முயல்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. 'அண்ணா, வேண்டாம்' என்று நான் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெக்கானிக்கை விட்டு அவமானப்படுத்திவிட்டார்கள் என்று, அந்த வீட்டில் ஒருத்தி வைக்கும் தட்டு தொடாமல் கிடந்திருக்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். சம்பந்தி தன் கையாலேயே துரையைப் பழைய கூண்டில், வரிசைக்கு நட்டநடுவில் விட்டார். முயல்காரர் தாய் முயலைக் கொண்டுபோய் அதற்குள் இறக்கினார். துரை தன் வேலையை முடித்து, ஒரு முனகலோடு பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தது. சம்பந்தி கைதட்டினார். விழுந்த இடத்திலேயே துரை தும்மியது. அதற்கும் அவர் சிரித்தார்.

அன்று சம்பந்தி அங்கேயே தங்கினார். மறுநாள் அவர் தலை மறைந்ததும் முயல்காரர் ஓடிப்போய் துரையையும் தாய் முயலையும் பின்கட்டுக்கு மாற்றினார். கூண்டைக் கழுவினார். ஆனாலும் சில நாளிலேயே பக்கத்துக் கூண்டில் ஒன்று தும்ம ஆரம்பித்தது. பிறகு அதற்கு அடுத்தது. நான் எஞ்சினை நிறுத்தும் போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பொடிப்பொடியாகத் தும்மல். அவர் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அவரைப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார்.

"ஊசி போடறேன், சிலது பிழைக்கும். ஆனா பிழைச்சதுங்களும் நோயை உள்ள வெச்சுக்கிட்டே இருக்கும், புதுசா வர்றதுக்கெல்லாம் கொடுக்கும். மொத்தமா காலி பண்ணிட்டு, கழுவி, சும்மா போட்டுட்டு, அப்புறம் ஆரம்பிங்க."

"சினையா இருக்கறதும் இருக்கு டாக்டர்."

டாக்டர் பையை மூடினார்.

மறுநாள் சுவருக்கு மேலே முயல்காரரின் தலை தெரிந்தது. "தம்பி, இன்னைக்கு ஒரு வண்டியை நல்லா முறுக்குங்களேன்" என்றார். புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரமானது. இருப்பதிலேயே காட்டுக்கத்தல் போடும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கினேன். தெருவே திட்டியது. வாயில்லாப் பிராணி என்கிறோம், முயல் கடைசியில் ஒரு தரம் கத்தும். எவ்வளவு முறுக்கியும் எனக்குக் கேட்டது. அவருடைய மனைவி என் பட்டறை வாசலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவர் கூண்டுகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார், வெயிலில் காயவைத்தார், மறுபடி தேய்த்தார். மெல்ல முகத்தில் களை வந்தது. எங்கிருந்து குட்டி வாங்கலாம் என்று என்னிடம் பேச ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் மகள் வந்தாள், கையில் மூடிபோட்ட கூடையோடு.

காலிக் கொட்டகைக்குள் வந்ததும் அழுதாள். "அப்பா, துரை அங்கயே தும்மிட்டுதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லலாம்னு போனை எடுத்தேன். அத்தை பக்கத்துல வந்து நின்னாங்க. வெச்சுட்டேன்."

"விடும்மா. நீ சொல்லியிருந்தாலும் நான் அதேதான் செஞ்சிருப்பேன்."

"எங்க கொட்டகையிலயும் போயிட்டே இருக்கு. சீசன் சளிங்கறார் மாமா. யாராவது வேற சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறார்." அவள் கூடையை நீட்டினாள். "உங்க கொட்டகை காலியா இருக்கக் கூடாதுன்னு ஒரு ஜோடி கொடுத்து அனுப்பினார். அவரே பாத்துப் பாத்து எடுத்தது."

முயல்காரர் மூடியைத் திறந்தார். இரண்டு அழகான குட்டிகள். ஒன்று தும்மியது.

"வழியிலயே விட்டுடலாம்னு பாத்தேன்ப்பா. நாளைக்கு அவரே பாக்க வர்றேன்னுட்டார்."

எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "அண்ணா, இந்தத் தடவையாவது திருப்பி அனுப்புங்க!" என்று சுவருக்கு மேலாகக் கத்தியே விட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவிக் காயவைத்த கூண்டில் விட்டு, புல் போட்டார்.

"மாமாவுக்குப் போன் போடும்மா" என்றார். "ரெண்டும் வந்ததும் நல்லா தின்னுதுன்னு சொல்லு."