பேச முடிகிற வேகம்

இரண்டாவது முறையும் கரு கலைந்த பிறகு, டாக்டரம்மா என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "உடம்புல ஒரு குறையும் இல்ல. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க. நடங்க. முடிஞ்சா ஓடுங்க" என்றார்.

ஓடுங்க என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியட் வந்தாலே வயிற்றுவலி என்று உட்கார்ந்துகொள்கிறவள் நான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து பதினோரு வருஷத்தில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை அவருக்கு. எதையும் படிப்படியாகச் செய்து பார்க்கிற மனுஷன். அன்று சாயங்காலமே போனில் ஓட்டப் பயிற்சி ஒன்றைத் தேடி இறக்கிவிட்டார். வாழ்க்கையில் ஓடியே பழகாதவர்களை மெதுவாகப் பழக்கி, கடைசியில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வைக்கிற பயிற்சி. போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் 'ரன்' என்றால் ஓட வேண்டும், 'வாக்' என்றால் நடக்க வேண்டும். மறுநாள் பண்ருட்டிக்குப் போய் எனக்கு ஷூவும் வாங்கி வந்தார்.

முதல் நாள் ஓட வேண்டியது ஒரே ஒரு நிமிஷம். டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கின் முனையில் இருக்கிற தூங்குமூஞ்சி மரம் வருவதற்குள் நெஞ்சு அடைத்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பழைய சைக்கிளில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார்.

"செத்துருவேன் போலருக்குங்க."

"ஒரு நிமிஷம் ஓடி யாரும் செத்ததில்ல. இந்தா, நடக்கச் சொல்லுது பாரு. நட."

அந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஓடும்போது பேச முடிய வேண்டும். பேச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சோதிக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். சைக்கிளை மெல்ல மிதித்தபடி ஏதாவது கேட்பார். காலையில என்ன டிபன், கீழ் வீட்டுக்காரங்க ஏன் உன்கிட்ட பேசறதில்ல, உங்க ஊர்த் தேருக்கு இந்த வருஷம் போலாமா. நான் மூச்சிரைக்கப் பதில் சொல்வேன். பதில் துண்டு துண்டாக வந்தால் "மெதுவா, மெதுவா" என்பார்.

மார்கழியில் ஒரு காலை. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பனி. ஐந்து நிமிஷம் தொடர்ந்து ஓடப் பழகியிருந்தேன். சைக்கிள் சத்தம் மட்டும் பக்கத்தில் கேட்டது. திடீரென்று கேட்டார்: "மொதல்ல போச்சே, அது பொண்ணுன்னு நெனச்சியா, பையன்னு நெனச்சியா?"

கால் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. "பொண்ணு" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

வீட்டுக்குள் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ரோட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு, எனக்கு மூச்சு இருக்கிற வரை பேசினோம். என்ன பேர் யோசித்து வைத்திருந்தேன் என்றுகூட ஒரு நாள் சொன்னேன். அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

மாசி வந்தபோது அரை மணி நேரம் நிற்காமல் ஓடினேன். தொடை இறுகியிருந்தது. மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. அதுவரை என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்த உடம்பு, சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த மாசமே நாள் தள்ளிப்போனது.

சோதித்துப் பார்த்த அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா மெதுவாக நடந்தால் போதும் என்றார். என் வீட்டுக்காரர் ஷூவைத் துடைத்து, பேப்பரில் சுற்றி லாஃப்டில் வைத்தார். சாயங்காலம் இரண்டு பேரும் ரவுண்டானா வரை நடந்துவிட்டு வருவோம். நாலாம் மாசம் ஸ்கேனுக்குப் போனபோது, அந்த அறையிலிருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. துடிப்பு நின்று சில நாளாகியிருந்தது.

"நான் ஓடுனதாலயா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இல்லவே இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காதால் கேட்டார்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் மாமியார் வந்து தங்கினார். குறை சொல்லக் கூடாது, என்னை எழுந்திருக்க விடாமல் பார்த்துக்கொண்டார். வெந்நீர், பூண்டுக் குழம்பு, எல்லாம் கைக்கு வந்தது. ஒரு மத்தியானம் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கறேன். ரோட்டுல குதிச்சிகினு ஓடிகினு கெடந்தா வவுத்துல எப்படி நிக்கும்? ஊரே பாத்துச்சி, இந்த வூட்டுல மட்டும் யாரும் கேக்கல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்தார். அப்புறம், "ரசம் ஊத்தும்மா" என்றார்.

மாமியார் ஊருக்குப் போன அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "டாக்டர் சொன்னத ஏன் நீங்க சொல்லல?"

"டாக்டர் சொன்னது புரியுது. ஆனா நாமளே ஏதோ பண்ணிட்டமோன்னு ஒரு நெனப்பு வருது. என்ன பண்ணச் சொல்ற?"

"நாமன்னு சொல்லாதீங்க. ஓடுனது நான் மட்டும்."

அதற்குப் பிறகு அவர் ஷிப்டை மாற்றி மாற்றி வாங்கினார். காலை நேரத்தில் வீட்டில் இருப்பதே இல்லை.

டாக்டரம்மா சரி என்ற பிறகு, நாற்காலி போட்டு ஏறி நானே ஷூவை எடுத்தேன். பயிற்சியை விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று போன் கேட்டது. வேண்டாம், முதல் நாளிலிருந்து என்று அழுத்தினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால், ஓடாமல் இருந்தால் அந்த மத்தியானப் பேச்சை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றுதான் தோன்றியது.

பேச்சுக் கொடுத்துச் சோதிக்க ஆள் இல்லாததால் தனியாகப் பேசிக்கொண்டே ஓடினேன். அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் ரோட்டைப் பார்த்துச் சொன்னேன். இலை கூட்டுகிற அம்மா ஒரு நாள், "யாரு கூட பேசிகினு போற?" என்று கேட்டார். போனில் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கடைசி நாள் பத்து கிலோமீட்டர். விடிந்ததும் கிளம்பினேன். பிளாக் பிளாக்காகச் சுற்றி, மெயின் ரோட்டுக்கு வந்தபோது முழங்கால் வலித்தது. எங்கிருந்தோ அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட முடியாது, மூச்சு பிடிபடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். வேகத்தைக் குறைத்து, அழுது முடித்து, பிறகு ஓடினேன். நைட் ஷிப்ட் முடிந்த பஸ்கள் தாண்டிப் போயின. போன் குரல் பாராட்டியபோது நான் எங்கள் தெரு முனையில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் அவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்லேர்ந்து பாத்தேன். அழுதுகிட்டு ஓடுன. எறங்கணும்னு எந்திரிச்சேன். எறங்கல" என்றார். பிறகு, "அன்னிக்கு அம்மாகிட்ட நான் பேசியிருக்கணும்" என்றார்.

"ஆமா" என்றேன். "பேசியிருக்கணும்."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று குழந்தைகள் போயும் நான் பார்க்காத அழுகை அது. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். எனக்கும் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை அவர் தோளுக்குப் போகவில்லை. குளிக்கப் போய்விட்டேன்.

இப்போதும் ஓடுகிறேன். இனி முயற்சி வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். கூட வரட்டுமா என்று அவர் எப்போதாவது கேட்பார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பேன்.

ஐப்பசியில், பிரசவத்துக்கென்று டாக்டரம்மா குறித்துக் கொடுத்திருந்த அந்த நாள் வந்தது. மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவர் லீவு போட்டிருந்தார். அவர் காய் நறுக்கிக் கொடுக்க, நான் சாம்பார் வைத்தேன். இலை போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரு வாய்கூட இறங்கவில்லை.