சீல் வைத்த அராமிக்

பட்டம் வாங்கிய கையோடு மூலனூரிலிருந்து திருப்பூர் வந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள். ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த அன்று பிரிண்டிங் பிரிவுக்குப் போனபோது, ராபின் முழங்கைவரை நீலச் சாயத்தோடு அச்சடிக்கும் ஸ்க்ரீனைக் கழுவிக்கொண்டிருந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். ஏசி ஓடும் டிசைன் ரூமில் ஒரு நாற்காலி வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அந்த வாரமே, எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர், டீசர்ட்டின் நெஞ்சில் ‘அமைதி’ என்று அராமிக் மொழியில் வேண்டும் என்றார். முதலாளி லிங்கசாமி யோசிக்கவேயில்லை.

“ஏப்பா ராபினு, உங்க ஏசு பேசுன பாஷைதானப்பா? நீயே போட்டுரு. ஆர்டர் ஓகே ஆச்சுன்னா டிசைன் ரூமுக்கு வந்துரு.”

ராபினுக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ் பைபிள். ஆனாலும் “சரிங்க மொதலாளி” என்றார். பாதிரியாரைக் கேட்டார், அவர் கூகுளைக் கைகாட்டினார். சாம்பிள் போனது. பையர் இதேபோல் அடிக்கலாம் என்று கையெழுத்திட்டு, சீல் வைத்துத் திருப்பி அனுப்பினார். துவைத்தால் எழுத்து அழியாது என்று ஆய்வகம் சான்றிதழ் தந்தது. என்ன எழுத்து என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மொத்தமாக அடிக்கத் தொடங்கும் நாளில் ராபின் என்னிடம் ஓடிவந்தார்.

“சார், சாம்பிளுக்கு ஸ்க்ரீன் எடுக்கும்போதே பிலிமைத் திருப்பி வச்சிட்டேன். எழுத்து கண்ணாடியில பாத்த மாதிரி நிக்குல்லா! இங்கிலீஷா இருந்தா அப்பவே எவனாவது கத்தியிருப்பான்.”

“யாருக்குண்ணா தெரியப்போகுது? உடுங்க.”

“ஏசுவுக்குத் தெரியும்லா சார்.”

நாற்காலி போனாலும் போகட்டும் என்று, நேராக ஒன்று அடித்து லிங்கசாமி முன்னால் விரித்து உண்மையைச் சொன்னார். தரம் பார்க்கும் மோகன்ராஜ் அதைச் சீல் வைத்த சாம்பிளோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். சாம்பிளைப்போல இல்லாத எதுவும் எங்கள் ஊரில் கப்பல் ஏறாது. சரியான அமைதியைச் சுருட்டி ரிஜெக்ட் கூடையில் போட்டார்.

“பையருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டா…” என்று ராபின் இழுத்தார்.

“கேட்டா ஆர்டர் நிக்கும். அவன் கையெழுத்துப் போட்டுட்டான் கண்ணு. இனிமே அதுதான் அராமிக்கு” என்றார் லிங்கசாமி.

பையர் பாராட்டி எழுதினார். மறு ஆர்டரும் வந்தது, அதே சாம்பிள்படி.

ராபின் இப்போது டிசைன் ரூமில் வேலை பார்க்கிறார். எபிரேயம், லத்தீன், பழைய கிரேக்கம் எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகின்றன.