நாலாவது ஆள்

என் மாமியார் ஓடுகிறவர். இதைப் புதிதாகக் கேட்கிற யாரும் ஒருமுறையாவது சிரித்துவிடுவார்கள். மாடி வீட்டு அம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "உன் மாமியார் தினம் ஓடிப்போறாங்க, தினம் திரும்பியும் வந்துடறாங்க. உனக்கு அதிர்ஷ்டமே இல்லை" என்பாள். நான் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அத்தைக்கு ஐம்பத்தாறு வயது. நாங்கள் இருவரும் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒன்றாக வேலை செய்கிறோம். துவைத்து வருகிற படுக்கை விரிப்புகளைச் சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். அத்தை ஒரு மூலையைப் பிடிப்பார், நான் ஒரு மூலையைப் பிடிப்பேன். உதறி, இழுத்து, சுருக்கம் விழாமல் உள்ளே விட வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. அவர் மனநிலை எனக்கு விரிப்பு வழியாகத்தான் வந்து சேரும். நிம்மதியாக இருந்தால் துணி தளர்ந்து வரும். கோபம் என்றால் வெடுக்கென்று வரும். அந்த வாரம் என் நகமெல்லாம் பிய்ந்துவிடும் போலிருந்தது.

காரணம் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம்.

சைக்கிள் கடைக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவார். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அதில் தனிப் பிரிவு, மூன்று கப்புகள். ஓட வருகிறவர்களும் மூன்றே பேர்தான். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற அம்மா எப்போதும் முதலில் வருவார், பல் டாக்டர் இரண்டாவது, அத்தை மூன்றாவது. விழுந்து எழுந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், கப் நிச்சயம். "கடைசியா வர்றவளுக்குக் கப் குடுக்கிறது நம்ம ஊர்ல மட்டும்தான்" என்று மாமா கேலி செய்வார். ஆனால் அந்தக் கப்புகளைத் தூசி தட்டி வைப்பதும் அவர்தான்.

அத்தைக்கு அது கேலி இல்லை. அவர் வேறு எதற்கும் மேடை ஏறியதில்லை. அவருடைய கல்யாணமே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதோடு முடிந்துபோனது. வருஷத்தில் ஒரே ஒரு காலையில் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லும். அதற்காக முதல் நாளே தலைக்குக் குளித்துவிடுவார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வருகிற வழியில் சைக்கிள் கடைக்காரர் கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸ்.

"அக்கா, இந்த வருஷம் உங்க பிரிவுல ஒரே கூட்டம்."

"கூட்டம்னா?"

"நாலு பேரு!"

அத்தை சிரிக்கவில்லை. "யாரு அந்த நாலாவது?"

"புதுசா குடிவந்தவங்க. வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு காலையில மைதானத்துல ஓடுவாங்களே, பார்த்ததில்லையா? மான் மாதிரி ஓடறாங்கக்கா."

"வரட்டும், வரட்டும். நாலு பேர் வந்தாத்தானே நல்லா இருக்கும்" என்றார் அத்தை. பிறகு வீடு வரைக்கும் நடந்த நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் மெதுவாக ஓடுகிற நாள். அன்றைக்குப் பார்த்து, வழக்கமான தெருவை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறார். வெள்ளைத் தொப்பி அங்கே சுற்றிக்கொண்டிருந்தாராம். அத்தை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாராம். பார்த்தவர் சும்மா இருப்பாரா? மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, அவர் ஓடுகிற வேகத்துக்குத் தானும் ஓடிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது சுற்றில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

"என்னாச்சு?" என்று மாமா கேட்டார்.

"படி உயரமாயிடுச்சு."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற தம்பியிடம் அத்தையைக் கூட்டிப்போனேன். அவன் கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினான். அத்தை என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடக் கூடாது. ஐஸ் வைங்க. காலைத் தூக்கி வைங்க."

"இத்தனை நாள் ஓடாம இருந்துட்டு அன்னைக்கு எப்படிப்பா ஓடறது?"

"இப்ப ஓடினீங்கன்னா அன்னைக்கு ஓடவே முடியாது."

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னான். ஆனால் ஓடுகிறவர்களை ஓடாதே என்று சொன்னால் அந்த ஓட்டம் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குள் வந்தது. வியாழக்கிழமை லீவு போட்டுக்கொண்டு அத்தை அலமாரியை முழுக்க வெளியே எடுத்துப்போட்டு மறுபடி அடுக்கினார். கதவின் திருகாணிகளை முடுக்கினார். நான் வேலை முடிந்து வந்தபோது ஸ்டூல் மேலே ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலுக்கு ஓய்வு குடுன்னா ஸ்டூல் மேல ஏறி நிக்கிறாளே, இவளை என்ன செய்யறது?" என்று மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஸ்டூல் மேல ஓடவா செய்யறேன்?"

கடைசியில் இறங்கி வந்து, உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலும் ஜன்னல் கம்பியை எண்ணுவதுபோல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பட்டாணியை இனிமே என் தட்டுல போட்டுடாதே" என்றார் மாமா.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது வலி இல்லை. இது நல்ல செய்தி இல்லையா? அத்தையால் அதை நம்ப முடியவில்லை. வலி போய்விட்டதா, பதுங்கியிருக்கிறதா? அழுத்திப் பார்த்தார். நுனிக்காலில் நின்று பார்த்தார். பிறகு ரொட்டி வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். ரொட்டி வாங்குவதற்கு ஷூ கயிற்றை அவ்வளவு இறுக்கிக் கட்டுவானேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சந்து தெரியும். அத்தை நடந்து வந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். விளக்குக் கம்பத்திலிருந்து குப்பைத் தொட்டி வரை மெதுவாக ஓடினார். ஒன்றும் ஆகவில்லை. அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். திரும்பி, கொஞ்சம் வேகமாக ஓடினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அது அவருக்குப் போதவில்லை. மூன்றாவது தடவை முழு மூச்சாக ஓடினார். பாதியில் நின்று, அங்கே நின்றிருந்த வேன்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார். "ரொட்டி தீர்ந்துடுச்சாம்."

"சரி அத்தை."

"மாமாகிட்ட எதையாவது உளறி வைக்காதே."

"நான் எப்ப அத்தை பேசியிருக்கேன்?"

அன்று வேலையில் விரிப்பு வெடுக்கென்று வரவில்லை. கனமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்படும் இடத்தில் நல்ல கூட்டம். அத்தை நம்பர் அட்டையைக் குத்துவதும் கழற்றுவதுமாக இருந்தார். வெள்ளைத் தொப்பிக்காரர் சற்றுத் தள்ளி நின்று முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது சைக்கிள் கடைக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் ஓடிவந்தார்.

"அக்கா, பல் டாக்டர் வரலை. ராத்திரி அவங்க பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. உங்க பிரிவுல பழையபடி மூணே பேர்தான்!"

மாமா வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தக் குழந்தை நல்லா இருக்கணும். ஏம்மா, இனி எதுக்கு ஓடணும்? பேசாம நடந்து வா. கப் நமக்குத்தான்."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாக அதே கப்புக்காகத்தான் தூங்காமல் கிடந்தார். அது சும்மா கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகம், யாரோ கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. அட்டையைக் கடைசி முறையாகக் குத்திக்கொண்டு, வழக்கமாக நிற்கிற பின்வரிசையை விட்டு முன்னே போனார். வெள்ளைத் தொப்பிக்கு நேர் பின்னால் போய் நின்றார்.

"அங்க எதுக்குப் போறா?" என்றார் மாமா.

எனக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் கடைசித் திருப்பத்தில், பள்ளிக்கூட மதிலோரம் நின்றோம். நீச்சல் அம்மா போனார். மாமா நிதானமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அத்தை வர இன்னும் நேரமிருக்கிறது என்று. வெள்ளைத் தொப்பி திரும்பியது. அதன் நிழலை மிதிக்கிற தூரத்தில் அத்தை! வாய் திறந்திருந்தது. கண் அந்தத் தொப்பியை விட்டு நகரவில்லை. எங்களைப் பார்க்கவே இல்லை.

"அது அவளா?" என்றபடி மாமா கண்ணாடியைப் போட்டார். போடுவதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

மதிலைச் சுற்றிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு நான் ஓடினேன். வெள்ளைத் தொப்பிக்காரர் வந்து சேர்ந்துவிட்டிருந்தார். அத்தை இல்லை. கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஓர் அப்பா அவரைத் தாண்டிப் போனார். பிறகு நடக்கிறவர்கள் தாண்டினார்கள். மாமா மூச்சு வாங்க வந்து, "நான் பிடிச்சுக்கறேன், வா" என்றார்.

"தொடாதீங்க. தொட்டா ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டாங்க."

நொண்டி நொண்டி அவரே வந்து கோட்டைத் தாண்டினார். ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. மேடையில் கப்பை வாங்கியபோது நன்றிகூடச் சொல்லாமல் இறங்கினார்.

வெள்ளைத் தொப்பிக்காரர் தேடிக்கொண்டு வந்தார். கிட்டத்தில் பார்த்தால் அவரும் எங்களைப் போலத்தான், கண்ணுக்குக் கீழே சோர்வு.

"என் பின்னாடியே மூச்சு விட்டுக்கிட்டு வந்தது நீங்கதானா? யாரோ சின்னப் பொண்ணுன்னு நெனச்சேங்க. திரும்பிப் பார்க்கவே பயமா இருந்துச்சு. கால்ல என்ன?"

"வெள்ளிக்கிழமை சரியாத்தான் இருக்கான்னு ஓடிப் பார்த்தேன்."

"ஐயோ, நானும் அப்படித்தான் ஒரு வருஷத்தையே கெடுத்துக்கிட்டேன்!"

"வெள்ளிக்கிழமையா?" என்று மாமா குறுக்கே வந்தார். "ரொட்டி வாங்கத்தானே போனே?" பிறகு என்னைப் பார்த்தார். நான் அத்தையின் ஷூவைப் பார்த்தேன்.

வாடகை வண்டியில் திரும்பினோம். மாமா கப்பை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"கையை நீட்டியிருந்தா தொப்பியைப் பறிச்சிருப்பேன்" என்றார் என்னிடம், மெதுவாக.

"பார்த்தேன் அத்தை."

"அடுத்த மாசம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தயம் இருக்காம். அந்தம்மா சொன்னாங்க. எங்க பிரிவுல மட்டும் இருபது பேருக்கு மேல வருவாங்களாம்."

மாமா திட்டுவதை நிறுத்தினார். "இருபது பேரா? அப்புறம் கப் எப்படிக் கிடைக்கும்?"

"கிடைக்காது."

மாமா மடியிலிருந்த கப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். "காலைத் தூக்கி இங்க வை" என்றார்.

அத்தை காலை அவர் மடியில் வைத்தார். வைத்த மறுநொடியே என் பக்கம் திரும்பி, "நாளைக்கு அந்த பிசியோ தம்பி எத்தனை மணிக்கு வருவான்?" என்று கேட்டார்.