கோணக்காலன் இருந்த கூறு

1942-ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. முந்தின நாள் மாலை புழுதியில் பத்துப் பன்னிரண்டு தூறல் போட்டு ஆசை காட்டிவிட்டு மழை போயிருந்தது. தேதியிலும் கிழமையிலும் எனக்குச் சந்தேகமில்லை. மணிதான் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. கொல்லை வேப்பமரத்தின் நிழல் மாட்டுத்தொட்டியைத் தொட்டிருந்ததை வைத்துச் சொல்கிறேன். கால் மணி முன்னே பின்னே இருக்கலாம்.

அந்த நேரத்தில் எங்கள் கொல்லையில் இரண்டு பஞ்சாரங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சேவல், இன்னும் முட்டையிடத் தொடங்காத இரண்டு வெடைக்கோழிகள். எந்தப் பஞ்சாரம் தனக்கு என்று சொல்ல அத்தை வந்திருந்தாள்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. நாங்கள் அன்னவாசலுக்குப் பக்கத்து ஊர். அவள் வாழ்க்கைப்பட்டது நார்த்தாமலைப் பக்கம். முந்தின ஆண்டு ஆவணியில் ஒரு பெட்டைக்கோழியை எங்களிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள். கோழி அவளுடையது, தீனியும் பாடும் எங்களுடையது, குஞ்சுகள் பெரிதானதும் ஆளுக்குப் பாதி. இதுதான் வாரம். அந்தக் கோழி ஐப்பசியில் பதினொரு குஞ்சு பொரித்தது. பருந்து மூன்றைத் தூக்கியது, கீரி இரண்டைக் கொண்டுபோனது. மிஞ்சிய ஆறில் நான்கு வெடை, இரண்டு சேவல்.

பங்கு பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. வளர்த்தவர் கூறு போட வேண்டும். கொடுத்தவர் முதலில் எடுக்க வேண்டும். எடுக்கப்போவது அடுத்தவர் என்று தெரிந்தால் கூறு போடுகிறவரின் கை தானாகவே நேராகிவிடும். இதைவிட நல்ல நியாயத்தை நான் எந்தக் கோர்ட்டுக் கச்சேரியிலும் பார்த்ததில்லை.

சேவல்களில் ஒன்று செவலை. நிமிர்ந்த கழுத்து, வளைந்து விழும் வால், ரத்தச் சிவப்பில் கொண்டை. மற்றது சாம்பல் புள்ளி போட்டது. அதற்கு வலது காலில் இரண்டு விரல்கள் உள்பக்கமாக மடிந்திருக்கும். நான் அதற்குக் கோணக்காலன் என்று பெயர் வைத்திருந்தேன். அது பொரித்த மூன்றாம் நாளே அடைமழையில் விறைத்துக் கிடந்தது. அம்மா அதை எடுத்து ஓலைப்பெட்டியில் பழந்துணி போட்டுப் படுக்கவைத்தாள். அப்போது நானும் முறைக்காய்ச்சலில் படுத்திருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் என் பாய். பாயின் தலைமாட்டில் அந்தப் பெட்டி. பதினொரு நாள் காய்ச்சலில் எனக்கு நினைவிருப்பது கொயினா மருந்தின் கசப்பும் காதோரம் கேட்ட கீச்சுச் சத்தமும்தான். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டோம். அதற்கு விரல் மடங்கிப்போயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் எனக்கு ஒரு புதிர் கிடைத்தது. அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். எழுதும்போது அம்மா என்று வருகிறது. புதிர் அதுவல்ல. அம்மா தினமும் காலையில் எல்லாக் கோழிகளுக்கும் பொதுவாகத் தவிட்டைப் போட்டுவிட்டு, கோணக்காலனை மட்டும் கையில் பிடித்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்து இரண்டு கை கம்பு போடுவாள். அது தின்று முடிக்கும்வரை மற்றதெல்லாம் கிட்ட வராமல் பார்த்துக்கொள்வாள். செவலைக்கு ஒரு மணிகூடத் தனியாக இல்லை.

"ஏன் ஆத்தா அதுக்கு மட்டும் கம்பு?"

"பாவம்டா அது."

"அப்ப செவலை?"

"அது பாவமில்ல."

இது எனக்குப் போதவில்லை. அந்தச் சேவலில் ஏதோ ஒரு விசேஷம் ஒளிந்திருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். செவலை விடியலில் ஊரை எழுப்பும். கோணக்காலன் வெயில் ஏறின பிறகு எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு, யார் போட்டது என்பது போலத் தானே திரும்பிப் பார்க்கும். செவலை புழு கண்டால் கொக்கரித்து வெடைகளைக் கூப்பிடும். கோணக்காலன் கூப்பிடாமல் விழுங்கும். சண்டையில் நான் பார்த்தவரை ஒன்பதுக்கு ஒன்பது தோல்வி. ஒன்பதாவது தடவை எதிரே நின்றது ஒரு வெடைக்கோழி. இறகை விரித்து எண்ணினேன், நாக்கைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். விசேஷம் எதுவும் அகப்படவில்லை.

அன்று காலை அம்மா கூறு போட்டதைப் பார்த்ததும் புதிர் இன்னும் கெட்டிப்பட்டது. செவலையின் பஞ்சாரத்தில் கொழுத்த வெடைகள் இரண்டையும் விட்டாள். கோணக்காலனோடு வற்றல் வெடைகள் இரண்டையும் விட்டாள்.

"இது நேர் பாகம் இல்ல ஆத்தா" என்றேன்.

"அத்தை முன்னாடி நீ வாயத் தெறக்கப்படாது" என்றாள்.

அத்தை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தாள். செவலையின் பஞ்சாரத்துக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு மற்றதுக்குள் குனிந்து பார்த்தாள். மறுபடி முதலாவதற்குப் போனாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏத்தா, கூறு போட்டது யாரு?"

"நாந்தான் மதினி."

"கண்ணத் தொறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?"

"நல்லதா எடுத்துக்கங்க மதினி. ஒங்க கோழி போட்ட குஞ்சுதானே? செவலைய எடுத்துக்கங்க. என்னா ஒசரம் பாருங்க!"

"பாத்தேன். நீ இம்புட்டு எடுத்துச் சொல்றதையுந்தான் பாக்குறேன்" என்றாள் அத்தை. "போன வருசம் ஒரு புளிப் பங்குக்கு ஓட்டையும் கொட்டையையும் எடுத்துட்டு நிறுக்கச் சொன்னவ நீ. இன்னைக்குக் கொழுத்தது பூராத்தையும் ஒரு பக்கம் போட்டு, இந்தா எடுத்துக்கன்னு தள்ளுற. அப்ப இங்கிட்டு என்னமோ இருக்கு."

அம்மா செய்த தவறு எனக்கு அப்போதே புரிந்தது. கோணக்காலன் தனக்கு வராமல் போய்விடுமோ என்ற பயத்தில் கூறைக் கோணலாகப் போட்டுவிட்டாள். நேராகப் போட்டிருந்தால் அத்தை செவலையைத் தூக்கிக்கொண்டு எப்போதோ போயிருப்பாள்.

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டா தம்பி, ஒம் பொண்டாட்டி எதையடா மறைக்கிறா?"

"நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேக்கா" என்று, ஏற்கெனவே தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருந்த மாடுகளை எழுப்பி அப்பா ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் நான். "மருமகனே, நீதான் ஊர்ல உள்ளதெல்லாம் எண்ணுவியே. ஒங்காத்தா தெனமும் எந்தச் சேவலுக்குத் தனியா தீனி வைக்கிறா? எத்தனை கை?"

வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. நான் திறக்கவில்லை. ஆனால் கணக்குக் கேள்விக்கு விடை தெரிந்தும் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கோணக்காலனைக் காட்டி இரண்டு விரலை நீட்டினேன். செவலையைக் காட்டிக் கையை மூடினேன்.

"எனக்கு இந்தக் கூறு" என்று அத்தை கோணக்காலன் பஞ்சாரத்தின் மேல் கையை வைத்தாள்.

அம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்குப் பட்டது.

"மதினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகுது. அந்தச் சேவல மட்டும் விட்டுட்டுப் போங்க. மாத்துக்குச் செவலைய எடுத்துக்கங்க."

"அப்படி என்னத்தா இதுல? கோண வெரலு வீட்டுக்கு ஆகி வரும்னு எவனாச்சும் சோசியன் சொன்னானா?"

"சோசியன் ஒண்ணும் சொல்லல."

"பின்ன?"

"எனக்கு அது வேணும்."

அத்தை கொடுமைக்காரி இல்லை, ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் பாதியில் விடத் தெரியாதவள். "அம்புட்டு வேணும்னா செவலையோட ஒரு கொழுத்த வெடையும் குடு" என்றாள். அம்மா சரி என்பதற்குள் அத்தை இன்னொன்று கேட்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. அம்மா உடனே குனிந்து வெடையின் காலைக் கட்டிவிட்டாள்.

போகும்போது அத்தையின் கூடையில் செவலை, மூன்று வெடைகள். எங்களுக்கு ஒரு வெடை, கோணக்காலன். தெருமுனையில் அத்தை திரும்பி நின்று, "ஏமாந்தது நீயா நானான்னு தெரியல, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கண்டுபுடிக்கிறேன்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

ஏமாந்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இவ்வளவு கொடுத்து வாங்கியதை அம்மா என்ன செய்யப்போகிறாள்? அடுத்த இரண்டு நாள் அதை விட்டு நான் நகரவில்லை. ஒருவேளை அது முட்டையிடுமோ என்றுகூட ஒரு பகல் முழுக்கக் காவலிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றி, திருநீறு பூசி, கோணக்காலனை என் கையில் கொடுத்து நடக்கச் சொன்னாள். இரண்டு ஊர் தாண்டி ஒரு குன்று. அதன் மேல் முருகன் கோயில். வழியெல்லாம் அது என் கக்கத்தில் தலையைச் செருகிக்கொண்டு பேசாமல் வந்தது. உச்சியில் கோயிலைச் சுற்றி நேர்ந்து விட்ட சேவல்கள் திரிந்துகொண்டிருந்தன. எல்லாம் கம்பீரமான சேவல்கள். நான் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"யாரு பேருக்கு?" என்று பூசாரி கேட்டார்.

"எம் மகன் பேருக்கு" என்றாள் அம்மா. "ஐப்பசியில காய்ச்ச கண்டு எட்டா நாளு கண்ணு சொருகிருச்சு. பேரச் சொல்லிக் கூப்புட்டா முழிக்கல. கொட்டுற மழையில எங்கிட்டு ஓடுறது? பக்கத்துல பெட்டியில இந்தக் குஞ்சுதான் கெடந்துச்சு. ரெண்டையும் எந்திரிக்க வையி, இத ஒன் வாசல்ல கொண்டாந்து விடுறேன்னு நேந்துக்கிட்டேன்."

பூசாரி கோணக்காலனின் காலில் தண்ணீர் தெளித்தார். விடு என்றார்கள், விட்டேன். அது நொண்டி நொண்டிப் போய், அங்கிருந்த பெரிய சேவல் ஒன்றிடம் வழக்கம்போல ஒரு கொத்து வாங்கிக்கொண்டு, தேங்காய்ச் சில்லு கிடந்த பக்கமாகத் திரும்பியது. பதினான்காவது சேவல்.

படியிறங்கும்போது எனக்கு ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது. "சாமிக்குன்னு அத்தைகிட்டச் சொல்லியிருந்தா, அத்தை சும்மாவே குடுத்திருக்குமே ஆத்தா!"

"அதுனாலதான் சொல்லல. சும்மா வாங்கி விட்டா அது அத்தை செஞ்சதால்ல ஆயிரும்? நேந்தவ நானு."

"பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி அத எப்புடி நீ நேந்துக்கிட்ட? பாதி அத்தைதுதானே?"

"அந்த நேரத்துல ஒக்காந்து பாகம் பிரிக்கச் சொல்றியா?" என்றாள்.

என் சமாதானத்துக்குக் கணக்குப் போட்டேன். எல்லாம் அன்னவாசல் சந்தை விலை. செவலை பன்னிரண்டு அணா. வெடை ஆறு அணா. தேங்காயும் சூடமும் ஓர் அணா. தட்டில் போட்டது பத்து அம்மன்காசு. இருபது அம்மன்காசு சேர்ந்தால் ஓர் அணா, பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். கம்பு எங்கள் புஞ்சையில் விளைந்தது என்பதால் அதைச் சேர்க்கவில்லை. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அப்பா ஏற்றம் இறைத்தால் எத்தனை நாள் கூலி அது! அம்மாவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தித் தொகையைச் சொன்னேன்.

அவள் என்னை உச்சந்தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். படியேறி வந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கூட்டல் வராது என்று எனக்குத் தெரியும். காதில் சரியாக விழவில்லை போலும் என்று நினைத்து, ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டு, நிறுத்தி நிறுத்தி, உரக்க இன்னொரு தடவை சொன்னேன்: ஒரு ரூபாய், மூன்று அணா, பத்து அம்மன்காசு.