கண்ணாடியோடு ஒட்டிப்போன மாமா

புதுக் கைப்பையைத் திறந்ததும் தோல் வாசனை அடித்தது. மற்றவர்களுக்கு அது ஷூவை நினைவூட்டும். எனக்கு ஆம்பூர் வீட்டு ஸ்கேனர்தான்.

இளம் வயதிலேயே இறந்துபோன மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, இருந்தது ஒரே ஒரு போட்டோ. அது மழை ஈரத்தில் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகம் கிழிந்துவிடும். அதைத் துடைக்கக்கூட அம்மா எங்களை விட்டதில்லை.

மலிவாக ஒரு ஸ்கேனர் வாங்கலாம் என்று அப்பா சொன்னதும், நர்ஸான அம்மா அந்த ஃபிரேமைத் துண்டில் சுற்றி வேலூர்க் கடைக்கே எடுத்துவந்துவிட்டாள். கடைக்காரர் மெலிசான புது மாடலைக் காட்டினார்.

"பேப்பர் இன்னா அழகா வருது பாருங்க சிஸ்டர்."

"பேப்பர் யாருக்கு வேணும்? இத வச்சுக் காட்டுங்க."

மரச்சட்டத்தின் விளிம்பு தடுத்ததால் போட்டோ சற்றுத் தூக்கியே நின்றது. மெலிசான ஸ்கேனரில் மாமா புகையாக வந்தார். மூலையில் கிடந்த தடித்த பழைய மாடலுக்கோ அந்த இடைவெளி பொருட்டில்லை; மீசை முடிவரை தெரிந்தது. விலையும் கம்மி. கையோடு போட்டோவைக் கொண்டுபோக அம்மாவுக்கு எப்படித் தோன்றியது என்று இன்றும் வியக்கிறேன்.

வீட்டில் ஃபிரேமை வைத்ததும் மூடாத ஸ்கேனர் மூடி வழியே ஜன்னல் வெயில் புகுந்து படத்தை வெளுக்கவைத்தது. ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்த அப்பா, ஒரு கறுப்புத் தோலைக் கொண்டுவந்து மேலே போர்த்தினார். வீடெல்லாம் அந்த வாசனை. திரையில் மாமா மெல்ல மெல்ல இறங்கி வந்தார்.

அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபிரேமை என் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீயே தொடைக்கலாம். ஒடைஞ்சாலும் பரவால்ல."