தும்புத்தடியும் தாலிக்கொடியும்

2011இல், ஊரைவிட்டு வந்து டார்னெய்ட் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில், என் கணவர் வீடு கூட்டும் தும்புத்தடியோடு எனக்குக் காவல் நின்றார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

எங்களிடம் இருந்தது பழைய ஹைபிரிட் கார். அவர் விடியப்புறம் வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஒருநாள் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பின் சீற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பற்றரி பழுது, முழுசாக மாற்ற வேண்டும் என்று வேர்க்ஷொப்பில் கைவிரித்துவிட்டார்கள். முழுசாக எதற்கு? உள்ளே வரிசையாக அடுக்கிய சின்னப் பற்றரிகளில் ஒன்றிரண்டுதான் கெட்டிருக்கும். ஊரில் மின்சார எஞ்சினியராக இருந்தவள் நான். இங்கே வந்து பிஸ்கட் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கை துருதுருத்தது.

விபத்தில் நொறுங்கிய அதே மாதிரிக் காரிலிருந்து நல்ல பற்றரிகள் இரண்டு தேடி எடுத்துவந்தோம். உள்ளே இருநூறு வோல்ட் இருக்கும் என்று அவரிடம் நான் வாய்விட்டதுதான் பிழை. 2009இல் போர் முடிந்த நாட்களில் ஊரிலிருந்து தொலைபேசியில் வந்த சாவுச் செய்திகளுக்குப் பிறகு, இன்னும் ஒருவரைப் பறிகொடுக்க அவரிடம் தெம்பு இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பிடிவாதக்காரி.

எனக்கு மின்சாரம் அடித்தால் கையால் தொடக்கூடாது, மரப்பிடியால் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லித் தும்புத்தடியைக் கொடுத்தேன். செம்மஞ்சள் நிறப் பாதுகாப்பு பிளக்கைக் கழற்றி என் பொக்கற்றில் போட்டேன், யாரும் மறதியில் திரும்பச் செருகிவிடாமல் இருக்க. ரப்பர் கையுறையை எடுக்கும்போதுதான் கழுத்து நினைவுக்கு வந்தது. பிளக்கைக் கழற்றினாலும் பற்றரிக்குள் மின்சாரம் இருக்கும். நான் குனிந்தால் தாலிக்கொடி நேரே அதன் முனைகளில் விழும்.

"தாலியைக் கழட்டாமல் செய்யேலாதோ?" என்று கேட்டார்.

ஏலாது என்றேன். சாத்திரம், சம்பிரதாயம் என்றால் நக்கல் அடிக்கிறவள் நான். ஆனால் பிடரியில் திருகாணியைத் தொட்டதும் விரல் அசையவில்லை. மனுஷன் குத்துக்கல்லாட்டம் முன்னால் நிற்கிறார், எனக்கு அழுகை வந்தது.

"நீங்கள்தானே கட்டினீங்கள். நீங்களே கழட்டுங்கோ."

கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு தும்புத்தடியைத் தூக்கினார். எனக்கு வந்ததே கோபம். என்னைக் காப்பாற்ற வந்து இவரும் தங்கத்தோடு பற்றரியில் விழவா? குசினியில் அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு வரும்படி விரட்டினேன்.

வேலை மத்தியானம் தாண்டியது. ஊதிப்போன இரண்டையும் எடுத்துவிட்டு நல்லதுகளைப் போட்டேன். பச்சை பூத்த செப்புத் தகடுகளை வினாகிரி தொட்டுத் தேய்த்து, கழுவிக் காயவைத்துப் பூட்டினேன். அவ்வளவு நேரமும் அவர் கதிரையில் உட்காரவில்லை. நான் இருமினாலும் தடி உயர்ந்தது.

கடைசியில் பிளக்கைச் செருகிக் காரை ஸ்ராட் பண்ணினேன். முக்கோணம் எரியவில்லை. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, நேரே குசினிக்குப் போனார். தாலிக்கொடியோடு திரும்பி வந்தபோது அதில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. எங்கள் கலியாணம் ஊரடங்குக்குப் பயந்து அவசர அவசரமாக முடிந்தது. அன்று தாலி கட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கராஜில், அதைத் திரும்ப என் கழுத்தில் பூட்டும்போது பார்த்தார்.

"இனி உமக்கு இந்த வேலை வேண்டாம்," என்றார். நான் சரி என்றேன், பொய்தான்.

அந்தக் கார் போய்விட்டது, அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ. நான் என் தொழிலுக்கே திரும்பிவிட்டேன். வேலையில் தாலிக்கொடியைக் கழற்றுவதும் போடுவதும் பழகிவிட்டது, முகம் பார்க்கும் கண்ணாடிகூடத் தேவையில்லை. இருந்தும் அந்தக் கராஜை நினைத்து மனம் ஏங்கும். அப்படியான நாட்களில் வீட்டுக்கு வந்ததும், "திருகாணி இறுகிப்போச்சு, ஒருக்கா வந்து பாருங்கோ," என்று அவரைக் கூப்பிடுவேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவார். அது இறுகவில்லை என்று அவருக்கும் தெரியும்.